ஆங்கில வாக்கியத்தில் ‘எப்போதும்’ எங்கே நிற்கும்?

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)





ஆண்டுவிழா மேடையில் ஏறுபவர்கள் பெரிய பொருள்களை எடுத்துப் பேசுவதே வழக்கம். நான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். எப்போதும், வழக்கமாக, அடிக்கடி, சில வேளைகளில், அரிதாக, ஒருபோதும் என்று, ஒரு செயல் எத்தனை தடவை நிகழ்கின்றது என்பதைச் சொல்லும் சொற்கள் நம் மொழியில் உள்ளன. இவற்றுக்கு நேராக ஆங்கிலத்தில் வழங்குபவை ஓல்வேய்ஸ், யூசுவலி, ஒஃபன், சம்டைம்ஸ், செல்டம், நெவர் என்பன. இந்தச் சொற்களை ஆங்கில வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்பதே இன்று நான் பேசப்போகும் விஷயம்.

“இதற்கும் ஒரு சொற்பொழிவா?” என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

1987 ஆம் ஆண்டில் நிறைவேறிய 13 ஆவது திருத்தம், ஆங்கிலம் இந்நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலே எழுதிவைத்தது. அந்த இணைப்பு நடைமுறையில் எங்கே நிகழ்கின்றது? கொழும்பிலுள்ள ஒரு கந்தோருக்குக் கடிதம் எழுதவேண்டும், வெளிநாட்டிலுள்ள மகனின் விண்ணப்பத்துக்கு விபரம் எழுதவேண்டும், தமிழ் தெரியாத ஒரு வைத்தியரிடம் நோயைச் சொல்லவேண்டும் என்றால், அயலிலே சற்றுப் படித்த ஓர் இளைஞனையோ யுவதியையோ தேடித்தான் நம்மவர்கள் வருகிறார்கள். அவ்வேளையில் நாம் பேசுவது நமது பேச்சன்று. மற்றொருவருடைய வாக்கை அவருக்காக எடுத்துச் செல்கிறோம். வழியிலே அது சிந்தாமற் சேரவேண்டும்.

ஒரு முதியவர், “நான் குளிசையை எப்போதும் எடுப்பதில்லை” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதன் பொருள் என்ன? ஒருநாளும் எடுப்பதில்லை என்பதா? அல்லது எடுப்பதுண்டு, சில நாள் தவறிவிடும் என்பதா? தமிழில் இவ்வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடந்தருகின்றது. அவர் குரலை ஏற்றி இறக்கும் விதத்தாலும், சொல்லும் சந்தர்ப்பத்தாலும் நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி விட்டுவிட முடியாது. “ஹி டஸ் நொட் ஓல்வேய்ஸ் டேக் த டப்லெட்ஸ்” என்றால், எடுக்கிறார், இடையிடையே தவறுகிறார் என்பது பொருள். “ஹி ஓல்வேய்ஸ் டஸ் நொட் டேக்” என்று ‘ஓல்வேய்ஸ்’ இரண்டு சொல் முன்னே தள்ளி நின்றால், ஒவ்வொரு முறையும் எடுக்காமலே இருக்கிறார் என்று கேட்பவர் கொள்வார். முன்னையதைக் கேட்ட வைத்தியர், ஒழுங்காக எடுக்கவேண்டும் என்று புத்தி சொல்வார். பின்னையதைக் கேட்டவர், மருந்தே உடம்பிற் சேரவில்லை என்று முடிவுசெய்வார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு சிறு சொல் நின்ற இடத்தால் வந்த வேறுபாடு இது. ஆதலின் பொருள் சிறிதெனினும் பயன் சிறிதன்று.

இனி, இத்தவறுகள் நமக்கு ஏன் நேர்கின்றன என்பதைப் பார்ப்போம். நமக்கு அறிவு போதாமையாலன்று. நமது தாய்மொழி வேறுவிதமாக அமைந்திருப்பதாலேயே நேர்கின்றன.

“தம்பி பத்திரிகையை அடிக்கடி வாசிப்பான்” என்கிறோம். “பத்திரிகையைத் தம்பி அடிக்கடி வாசிப்பான்” என்றும் சொல்லலாம். “அடிக்கடி தம்பி பத்திரிகையை வாசிப்பான்” என்றாலும் குற்றமில்லை. அழுத்தம் சற்று மாறுமேயன்றி, வாசிப்பவன் யார், வாசிக்கப்படுவது எது என்பதில் ஐயமே எழாது. காரணம் யாது? ‘பத்திரிகையை’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபுதான். சொல் எங்கே போனாலும் தன் வேலையைத் தன்னுடனேயே சுமந்து செல்கின்றது.

இந்தச் சுதந்திரத்தை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். செய்யுளிற் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும்போது அவற்றைச் சேர்த்துப் பொருள்கொள்ளும் முறைகளைப் பொருள்கோள் என்று பெயரிட்டு வகுத்தார்கள். தொல்காப்பியர் நான்கு சொன்னார். நன்னூலார் எட்டாக விரித்தார். அவற்றுள் கொண்டுகூட்டு என்பது, அடிகள் பலவற்றிலே சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிக்கொள்வது. இம்மொழியிற் பிறந்தவர்களாகிய நாம், சொல் எங்கே கிடந்தாலும் கேட்பவர் கொண்டுகூட்டிக்கொள்வார் என்று அறியாமலே நம்பிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் ‘ஐ’ உருபு இல்லை. ‘த பேப்பர்’ என்ற சொல் எழுவாயாக நின்றாலும் செயப்படுபொருளாக நின்றாலும் உருவம் ஒன்றே. வினைச்சொல்லை ஒட்டி அதன் பின்னால் நிற்பதனாலேதான் அது செயப்படுபொருள் என்று அறிகிறோம். அதாவது, தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கின்றது. இடமே உருபு. இன்றைய பேச்சில் ஒன்றையே நினைவில் வைக்கலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஏனைய விதிகளெல்லாம் இதன் கிளைகளே.

முதற் கிளையை இப்போதே பார்த்துவிடலாம். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே எண்ணிக்கைச் சொல்லை நுழைக்கக் கூடாது. “மை ப்ரதர் ரீட்ஸ் ஒஃபன் த பேப்பர்” என்பது பிழை. “மை ப்ரதர் ஒஃபன் ரீட்ஸ் த பேப்பர்” என்பதே சரி. நமக்கு ‘பத்திரிகையை அடிக்கடி வாசிப்பான்’ என்று இரண்டுக்கும் நடுவே ‘அடிக்கடி’ வருவது இயல்பாக இருப்பதால், ஆங்கிலத்திலும் கை அங்கேயே போகின்றது.

அப்படியானால் இச்சொற்கள் எங்கே நிற்கவேண்டும்? பாடநூல்கள் மூன்று விதி சொல்லும். தனித்த வினையாயின் அதற்கு முன். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வொஸ்’, ‘வேர்’ என்பவை வந்தால் அவற்றுக்குப் பின். ‘ஹாஸ்’, ‘வில்’, ‘கான்’ போன்ற துணைவினைகள் வந்தால் முதலாவது துணைவினைக்குப் பின். மூன்றையும் மனனம் செய்தவர்களும் எழுதும்போது தடுமாறுவதுண்டு. நான் கற்ற மிஷன் பாடசாலையில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதவில்லை. “வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பார், எந்தச் சொல் முன்னே பாய்கிறதோ அதற்குப் பின்னால் வை” என்பார். அவ்வளவுதான். அதைச் சோதித்துப் பார்ப்போம்.

“ஹி இஸ் லேட்”, அவர் பிந்தி வந்திருக்கிறார். கேள்வியாக்கினால் “இஸ் ஹி லேட்?” என்றாகின்றது. முன்னே பாய்ந்தது ‘இஸ்’. ஆகவே “ஹி இஸ் ஓல்வேய்ஸ் லேட்” என்று அதற்குப் பின் வைக்கவேண்டும். “ஷி ஹாஸ் கம்ப்ளெயின்ட்”, அவள் முறைப்பட்டிருக்கிறாள். கேள்வியில் ‘ஹாஸ்’ பாய்கின்றது. ஆகவே “ஷி ஹாஸ் நெவர் கம்ப்ளெயின்ட்”. துணைவினைகள் இரண்டு மூன்று வரிசையாக வந்தாலும் கேள்வியிற் பாய்வது முதலாவது ஒன்றே. ஆகவே “வி ஹாவ் ஒஃபன் பீன் ஆஸ்க்ட்” என்பது சரியான இடம். இனி, “ஹி கம்ஸ் ஏர்லி” என்பதை எடுங்கள். “டஸ் ஹி கம் ஏர்லி?” என்று கேட்கிறோம். இங்கே உள்ளேயிருந்து ஒன்றும் பாயவில்லை. ‘டஸ்’ வெளியிலிருந்து வந்தது. பாய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது வினைக்கு முன்னே வைத்துவிடுங்கள்: “ஹி ஓல்வேய்ஸ் கம்ஸ் ஏர்லி”. மறுக்கும் வாக்கியத்தில் ‘டஸ் நொட்’ ஏற்கெனவே இருப்பதால் அதற்குப் பின்: “ஹி டஸ் நொட் ஓல்வேய்ஸ் கம் ஏர்லி”. கேள்வி வாக்கியத்திலோ எழுவாயைத் தொடர்ந்து நிற்கும்: “டஸ் ஹி ஒஃபன் கம்?”

இங்கே ‘இஸ்’ பற்றி ஒரு வார்த்தை. “அவர் நல்லவர்” என்று வினைச்சொல்லே இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வல்லமை தமிழுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு இல்லை; அங்கே ஓர் ‘இஸ்’ வந்தே தீரவேண்டும். தமிழில் இல்லாத ஒன்றுக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்குத் தமிழ்ப் பழக்கம் விடைதராது. ஆகையால் நம் மாணவர்கள் “ஹி ஓல்வேய்ஸ் இஸ் லேட்” என்று எழுதிவிடுகிறார்கள். “ஒஃபன் கோஸ்” என்பதிற் பிழைவிடாத பிள்ளையும் இங்கே பிழைவிடுவதைக் காணலாம். ‘அடிக்கடி போவார்’ என்ற தமிழ் முறையும் ஆங்கில முறையும் தற்செயலாக ஒத்துப்போவதால் முன்னையது எளிதாகிவிடுகின்றது.

துணைவினையையும் வினையையும் பிரித்து நடுவே ஒரு சொல்லை வைப்பது அழகன்று என்று சிலர் அஞ்சுவதுண்டு. இந்த அச்சம் ஆங்கிலேயரிடமும் இருந்தது. 1926 இல் ஃபௌலர் என்ற அறிஞர் வெளியிட்ட ‘மொடேர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ என்னும் நூல், அது வீண் அச்சம் என்றும், நடுவிடமே இயல்பான இடம் என்றும் எடுத்துக்காட்டிற்று. ஆதலின் துணிந்து நடுவே வைக்கலாம்.

இவ்விதி ஏதோ இயற்கை நியதி என்றும் எண்ணவேண்டாம். பிரெஞ்சு மொழியில் வினை முன்னும் எண்ணிக்கைச் சொல் பின்னுமாக, நாம் பிழை என்று தள்ளிய அதே வரிசை சரியான வரிசையாக வழங்குகின்றது. பழைய ஆங்கிலத்திலும் வினையானது இச்சொற்களுக்கு முன்னே நின்றதுண்டு. 1989 இல் ழான்-ஈவ் பொலொக் என்ற மொழியியலாளர் இந்த ஆங்கில, பிரெஞ்சு வேறுபாட்டை ஆதாரமாகக் கொண்டு எழுதிய கட்டுரை, இக்காலத் தொடரிலக்கண ஆராய்ச்சியிற் பெரிதும் பேசப்பட்டது. ‘அடிக்கடி’ என்ற சொல் நிற்கும் இடத்தை வைத்து ஒரு மொழியில் வினை எவ்வளவு தூரம் நகர்கின்றது என்று அளந்துவிட்டார்கள்! நாம் அற்பமென்று கருதும் பொருளிலும் ஆராய்வோருக்கு வேலை இருக்கின்றது.

அடுத்த கிளை, பல சொற்களாலான தொடர்கள். ‘எவ்ரி டே’, ‘ட்வைஸ் அ வீக்’, ‘வன்ஸ் அ யியர்’ என்பன நடுவிலே நிற்கமாட்டா. அவை வாக்கியத்தின் இறுதியிலோ முதலிலோ நிற்கும். “நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவிலுக்குப் போகிறேன்” என்பதை அடியொற்றி “ஐ எவ்ரி ஃப்ரைடே கோ டு த டெம்பிள்” என்று எழுதலாகாது. “ஐ கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே” என்பதே முறை. ஒற்றைச் சொற்களிலும் யூசுவலி, ஒஃபன், சம்டைம்ஸ் ஆகியவை வாக்கியத்தின் முதலில் வரலாம். ஓல்வேய்ஸ் அப்படிச் சாதாரணமாக வருவதில்லை. ஆனால் “எப்போதும் உண்மை பேசு” என்ற ஏவலில், “ஓல்வேய்ஸ் ஸ்பீக் த ட்ரூத்” என்று வினைக்கு முன்னதாகிய இடமே வாக்கியத்தின் முதலிடமும் ஆகிவிடுகின்றது. நெவர், செல்டம் என்பவற்றை அழுத்தத்துக்காக முதலில் வைத்தால் வாக்கியம் கேள்விபோலத் திரும்பும்: “நெவர் ஹாவ் ஐ சீன்” என்று வரும். இது மேடைப் பேச்சுக்குரிய நடை. கந்தோர்க் கடிதத்துக்கு வேண்டாம்.

இனிச் சொல்லப்போகும் ஐந்தும் நம்மவர்க்கே உரிய இடறல்கள். இவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ‘நெவர்’. தமிழில் ‘ஒருபோதும்’ என்று சொன்னால் வினை மறையாக இருக்கவேண்டும். “ஒருபோதும் பொய் சொல்லமாட்டார்” என்கிறோம். ‘ஒருபோதும்’ தனியே மறுப்பதில்லை, ‘மாட்டார்’ மறுக்கின்றது. ஆங்கிலத்து ‘நெவர்’ தானே மறுப்பு. அதனுடன் ‘நொட்’ சேர்த்தால் மறுப்பின் மேல் மறுப்பாகும். “ஹி நெவர் டஸ் நொட் டெல் லைஸ்” என்று ஒருவருக்கு நற்சான்று எழுதினால், அவர் பொய் சொல்லாத வேளையே இல்லை என்று எழுதியதாக முடியும். நன்மை செய்யப் புறப்பட்டுத் தீமை செய்துவிடுவோம். “ஹி நெவர் டெல்ஸ் லைஸ்” என்று நிறுத்துக.

இரண்டாவது, ‘சிலவேளை’. யாழ்ப்பாணத்தில் “சிலவேளை நாளைக்கு மழை பெய்யும்” என்றால், பெய்தாலும் பெய்யும் என்பது கருத்து; எத்தனை தடவை என்பதைப் பற்றிய பேச்சே அங்கில்லை. ஆனால் ‘சிலவேளை’ என்பதற்கு ‘சம்டைம்ஸ்’ என்று பழகிவிட்டமையால், “சம்டைம்ஸ் ஹி வில் கம் டுமொரோ” என்று பேசிவிடுகிறோம். ‘நாளை’ என்பது ஒரே நாள். அதற்குள் ‘இடையிடையே’ எப்படி வரும்? கேட்பவர் திகைப்பார். அங்கே வேண்டியது ‘பெர்ஹாப்ஸ்’. ‘சில வேளைகளில்’ என்று பன்மையாக்கிச் சொல்லிப் பார்த்துப் பொருள் கெடாவிட்டால் மட்டும் ‘சம்டைம்ஸ்’ எழுதுங்கள். மறுப்பு வாக்கியத்தில் இந்தச் சொல் ‘டஸ் நொட்’ என்பதற்கு முன்னே நிற்கும் என்பதையும் கவனிக்க: “ஹி சம்டைம்ஸ் டஸ் நொட் ஆன்சர்”. நமது கேள்விச் சோதனைக்கு இது ஒரு விலக்கு.

மூன்றாவது, ‘வழக்கம்’. “நான் காலையில் நடக்கப் போவது வழக்கம்” என்பதை “ஐ யூஸ்ட் டு கோ ஃபோர் அ வோக்” என்று ஆக்குகிறோம். ஆங்கிலத்தில் இதன் பொருள், முன்பு அப்படிப் போனேன் என்பது. இப்போது போவதில்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். இன்றும் தொடரும் வழக்கமாயின் “ஐ யூசுவலி கோ” என்று சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகனைப் பற்றி “ஹி யூஸ்ட் டு சென்ட் மணி” என்று தாயார் சார்பில் எழுதினால், மகன் தாயைக் கைவிட்டுவிட்டான் என்றல்லவா வாசிப்பவர் எண்ணுவார்?

நான்காவது, ‘ஓல்வேய்ஸ்’ தொடர்வினையோடு சேர்வது. “ஷி ஓல்வேய்ஸ் ஆஸ்க்ஸ்” என்றால், கேட்பது அவள் வழக்கம் என்று மட்டும் பொருள். “ஷி இஸ் ஓல்வேய்ஸ் ஆஸ்கிங்” என்றால், எந்நேரமும் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள் என்ற சலிப்பு பெரும்பாலும் ஒலிக்கும். தமிழிலும் இந்த ‘கொண்டேயிருக்கிறாள்’ அதே சலிப்பைத் தருகின்றது. ஆகவே ஒரு கந்தோருக்கு எழுதும்போது, “நீங்கள் எப்போதும் பத்திரங்கள் கேட்கிறீர்கள்” என்பதை இந்த உருவத்தில் எழுதினால், விண்ணப்பம் சண்டையாக மாறிவிடும்.

ஐந்தாவது, இருபுறமும் பார்க்கும் சொல். “ஸ்டூடன்ட்ஸ் ஹூ ப்ரக்டிஸ் ஒஃபன் பாஸ்” என்ற வாக்கியத்தைக் கேளுங்கள். அடிக்கடி பயிலும் மாணவர்கள் சித்தியடைகிறார்கள் என்பதா, பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் சித்தியடைகிறார்கள் என்பதா? ‘ஒஃபன்’ நடுவிலே நின்று முன்னும் பின்னும் செல்கின்றது. நன்னூலார் சொன்ன எட்டுப் பொருள்கோள்களில் தாப்பிசை என்பது இதுவே. ஊஞ்சலைப்போல நடுவிலுள்ள சொல் இருபக்கமும் சென்று பொருள் தரும். செய்யுளில் அது நயம். ஆங்கில உரைநடையில் அது குற்றம். வாக்கியத்தை உடைத்து வேறுவிதமாக எழுதிவிடுவதே பரிகாரம்.

இவற்றையெல்லாம் எப்படிப் பழகுவது? 1948 இல் ஒக்ஸ்ஃபோர்ட் அச்சகம் வெளியிட்ட, ஆங்கிலம் கற்போருக்கான அகராதியைத் தொகுத்தவர்களில் முதன்மையானவர் ஹோர்ன்பி. அந்த அகராதி முதலில் 1942 இல் ஜப்பானில் வெளிவந்தது. ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்தவர் என்பதால், தாய்மொழியாகப் பேசுவோருக்குத் தோன்றாத கேள்விகள் எல்லாம் அவருக்குத் தோன்றின. 1954 இல் அவர் எழுதிய வாக்கிய அமைப்பு நூலில் வினையடைகளை முதலிடம், நடுவிடம், இறுதியிடம் என்று பிரித்துக் காட்டினார். அகராதியின் இன்றைய பதிப்பில் ‘ஓல்வேய்ஸ்’, ‘ஒஃபன்’ என்ற சொற்களுக்குக் கீழே தரப்பட்டுள்ள உதாரண வாக்கியங்களை உரத்து வாசித்தாலே காது பழகிவிடும்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள். அம்மா எத்தனை மணிக்கு வழக்கமாக எழும்புவார், அப்பா எதை ஒருபோதும் உண்ணமாட்டார், தங்கை எதற்கு அடிக்கடி அழுவாள் என்று எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொன்றையும் கேள்வியாக்கிச் சோதியுங்கள். சங்கக் கட்டிடத்தில் சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினால், ஒரு தவணைக்குள் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பல்கலைக்கழகங்களிலே சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்று சொல்வதுண்டு. வாள் என்பது அதன் பொருள். தெரியாதவனை வெட்டுவதற்குத் தெரிந்தவன் வீசும் ஆயுதம் என்ற மனக்கசப்பு அப்பெயரிலே தொனிக்கின்றது. நம் சபைகளில் ஒரு பிள்ளை ‘ஓல்வேய்ஸ்’ என்பதை இடம் மாற்றி வைத்தால் சிரிக்கவேண்டாம். அந்தப் பிள்ளை தமிழ் வாக்கியத்தைச் சரியாக அமைக்கத் தெரிந்தபடியால்தான் அப்பிழையைச் செய்கிறது. இடத்தைக் காட்டிக்கொடுங்கள், அதுவே போதும்.

இளைஞர்களுக்குச் சொல்வது இது. பிறருக்காகப் பேசப் போகும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு இடந்தேடுமுன் தமிழிலே பொருளைத் தெளிந்துகொள்ளுங்கள். குளிசையை எப்போதும் எடுப்பதில்லை என்று சொன்ன அந்த முதியவரிடம், “ஐயா, ஒருநாளும் எடுக்கிறதில்லையோ? இல்லாட்டிச் சில நாள் தவறுதோ?” என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். அவர் விடை சொன்னபின், அந்த விடைக்குரிய சொல்லை அதற்குரிய இடத்தில் வையுங்கள். அவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லிவிட்டோமென்றால், நாம் கற்ற ஆங்கிலத்துக்கு அதைவிட வேறு பயன் வேண்டியதில்லை.